செம்பூர் தமிழ்க் குடும்பங்கள் குழு: கார்த்திக்கின் விசாப் படிவம்

லலிதா (பி-304), காலை 9.12
அனைவருக்கும் வணக்கம். கார்த்திக்குக்கு அமெரிக்காவில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. 2018இல் கல்லூரி வாசலில் நடந்த கைகலப்பில் அவன் பெயரையும் சேர்த்து வழக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டே உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. இப்போது விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவத்தில் கைதைப் பற்றிய கேள்வி வருகிறது. வழக்கே இல்லாதபோது ‘இல்லை’ என்று போடலாம் என்கிறார் ஏஜென்ட்.

சுந்தரம் மாமா (ஏ-101), 9.20
லலிதா, அவசரப்படாதே. அன்று அவனைக் கைது செய்தார்களா, எஃப்.ஐ.ஆரில் பெயர் மட்டும் இருந்ததா?

லலிதா, 9.23
இரவு முழுவதும் ஸ்டேஷனில் வைத்திருந்து, கைது என்று எழுதிக் காலையில்தான் ஜாமீனில் விட்டார்கள் மாமா.

சுந்தரம் மாமா, 9.31
அப்படியென்றால் ‘ஆம்’ என்றுதான் போட வேண்டும். வழக்கு எப்படி முடிந்தது என்பதல்ல கேள்வி. எப்போதாவது கைது செய்யப்பட்டதோ தண்டிக்கப்பட்டதோ உண்டா என்பதுதான், மன்னிப்பு கிடைத்திருந்தாலும் சொல்ல வேண்டும் என்று அதே வரியில் இருக்கிறது. ரத்தான வழக்கு தண்டனை ஆகாது. அதைக் காட்டி விளக்கிவிடலாம். ஆனால் விசாவுக்காக முக்கியமான உண்மையை மறைத்ததாகத் தூதரக அதிகாரி முடிவு செய்தால், அவர்களுடைய குடியேற்றச் சட்டத்தின் 212ஆம் பிரிவின்படி அந்தப் பொய்யே ஆயுள் முழுவதும் தடையாகிவிடும், பிறகு விலக்குக் கேட்டு அலைய வேண்டியதுதான். ஏஜென்டுக்கு என்ன, கையெழுத்து கார்த்திக்குடையது!

பத்மா (சி-202), 9.40
என் நாத்தனார் மகன் அங்கேயே ஒரு கடைத் திருட்டு வழக்கில் சிக்கினான். குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்து, சமூக சேவை செய்யச் சொல்லி, பிறகு தள்ளுபடி செய்தார்கள். அதுவும் முடிந்த கதைதானே மாமா?

சுந்தரம் மாமா, 9.48
இல்லை பத்மா. அது வேறு வகை வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிமன்றம் ஏதேனும் தண்டனையோ கட்டுப்பாடோ விதித்திருந்தால், பின்னர் தள்ளுபடியானாலும் 1996இல் அவர்களுடைய குடியேற்றச் சட்டத்தில் வந்த வரையறையின்படி குடியேற்றத் துறை அதைக் குற்றவாளி என்ற தீர்ப்பாகவே எண்ணும். ஒப்புக்கொள்வதற்கு முன்பே குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலைக் கேட்டிருக்க வேண்டும். அங்குள்ள கிரிமினல் வக்கீல்கள் சிலர் இதை யோசிப்பதே இல்லை.

ரவி (பி-110), 9.55
கனடாவுக்கும் இப்படித்தானா சார்?

சுந்தரம் மாமா, 9.59
அந்தப் படிவம் இன்னும் கறார். கைதானதை மட்டுமல்ல, குற்றம் சாட்டப்பட்டதையும் கேட்கிறது.

லலிதா, 10.05
மாமா, ஏஜென்ட் நேற்றிரவே ‘இல்லை’ என்று போட்டு அனுப்பிவிட்டாராம். நேர்காணலுக்குப் பத்து நாள் இருக்கிறது.

சுந்தரம் மாமா, 10.14
பயப்படாதே, நேர்காணலுக்கு முன்பே புதிய படிவம் நிரப்பி, அதன் எண்ணை அப்பாயின்ட்மென்ட்டிலும் மாற்றிவிட வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின் சான்றிட்ட நகலும், எஃப்.ஐ.ஆரும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் கையில் இருக்கட்டும்.

லலிதா, 10.18
எஃப்.ஐ.ஆர் மராத்தியில் கையால் எழுதியது மாமா, இரண்டாம் பக்கம் மடிப்பில் எழுத்தே அழிந்துவிட்டது.

சுந்தரம் மாமா, 10.21
அப்படியானால் நாளைக் காலையிலேயே நீதிமன்றத்தில் புதிய நகலுக்கு மனுப் போடச் சொல். மாலையில் கார்த்திக்கை அழைத்துக்கொண்டு வா, படிவத்தை இங்கேயே உட்கார்ந்து நிரப்பலாம்.