முகட்டு மடிப்பா, மேட்டு மடிப்பா?

வணக்கம்.

டி.என்.ஏ.வின் முறுக்கிய ஏணி வடிவத்தைத் தாளில் மடித்துக் காட்டும் மூன்றாம் வகுப்புக் கையேட்டில் "மேட்டு மடிப்பு", "பள்ள மடிப்பு" என்று போட்டிருக்கிறோம். இவற்றை மாற்ற வேண்டும். தாளைப் புரட்டினால் மேடு பள்ளமாகிவிடும். எந்தப் பக்கம் மேலே என்பது அந்தச் சொற்களில் இல்லை.

ஏ4 தாளை நெட்டுவாக்கில் வைத்து, குறுக்கே சம இடைவெளியில் பத்துப் படிக்கோடுகள் போடுகிறோம். இரண்டு படிகளுக்கு நடுவே ஒரு சாய்கோடு, கீழ் இடமூலையிலிருந்து மேல் வலமூலைக்கு. படிக்கோடுகள் நம்மை நோக்கிப் புடைக்கவும் சாய்கோடுகள் உள்வாங்கவும் மடித்தால் தாள் தானே முறுக்கிக்கொண்டு, திருகாணி போல வலப்பக்கம் ஏறும் ஏணியாகும். நம் செல்களிலுள்ள டி.என்.ஏ.வின் வழக்கமான முறுக்கும் அதுவே. பிள்ளை தாளைப் புரட்டிப் போட்டு அதே சொற்களின்படி மடித்தால், மடிப்பு சுத்தமாக இருக்கும், ஏணி மட்டும் இடப்பக்கம் திருகும். ஒரேயொரு சாய்கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்தாலும் அந்த இடத்தில் முறுக்கு அவிழும்.

நம் ஊர் ஓட்டுவீட்டில் இதற்குச் சொல் இருக்கிறது. இரு சரிவுகள் மேலே கூடும் கோடு முகடு. முற்றத்து மூலையில் இரு சரிவுகள் சேர்ந்து மழைத்தண்ணீர் இறங்கும் இடம் கூடுவாய். கூரையை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை; ஓடு மேலேதான். ஆகவே முகட்டு மடிப்பு, கூடுவாய் மடிப்பு. கோடு அச்சான பக்கம் ஓட்டுப்பக்கம்.

மறுமொழி:

அம்மா, வணக்கம். முகடும் கூடுவாயும் எனக்குச் சம்மதம். ஆனால் கையேட்டின் நாலாம் பக்கத்தில் "வலம்புரிச் சுருள்" என்றிருப்பதை எடுத்துவிடுங்கள். அழகான சொல்தான், இங்கே தவறு. வலம்புரிச் சங்கின் சுழற்சி சாதாரணத் திருகாணிக்கு நேர் எதிர். திருகாணி போலச் சுழல்வது நாம் இடம்புரி என்கிற சாதாரணச் சங்கு. பூசையறைச் சங்கைப் பார்த்த பிள்ளை ஏணியை அதனோடு ஒப்பிட்டால் குழம்பித்தான் போகும். "வலத்திருகு" என்று வைக்கலாம். திருகாணியைத் தலைகீழாகப் பிடித்தாலும் திருகு மாறாது.

தாளைப் பற்றி ஒன்று. 75 ஜி.எஸ்.எம். ஜெராக்ஸ் தாளே போதும். சார்ட் அட்டை விறைத்துக்கொண்டு மடிப்பில் வெடிக்கும். முதலில் படிக்கோடுகளை ஒவ்வொன்றாக மடித்து, ஸ்கேல் விளிம்பால் அழுத்தித் தேய்த்து, விரித்துவிட வேண்டும், சாய்கோடுகள் பிறகு. அழுத்தம் குறைந்தால் கையை எடுத்ததும் சுருள் தளர்ந்துவிடும். "மடிப்பு பழகவில்லை" என்று பிள்ளையைக் கடிந்துகொள்வது அநியாயம். தேய்க்கச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

காரைக்குடியில் இப்போது தளம் போட்ட வீட்டுப் பிள்ளைகளே அதிகம். கூடுவாயைப் பார்த்திருக்க மாட்டார்கள். முற்றத்து மூலையின் படம் ஒன்றைச் சேர்த்து, தாளின் தலைப்பில் "ஓட்டுப்பக்கம்" என்று பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.