கார் கூரைத் துணி தொங்கியபோது: ஸ்ப்ரே பசை அனுபவங்கள்

அப்பாவின் பழைய காரில் பின் சீட்டில் உட்கார்ந்தால் கூரைத் துணி தலையில் உரசும். பின் கண்ணாடிக்கு மேலே சின்ன உப்பலாகத்தான் ஆரம்பித்தது. ஒரே கோடையில் கூரையிலிருக்கிற டோம் லைட் வரைக்கும் வந்துவிட்டது. அப்பா குண்டூசி குத்தி வைத்திருந்தார். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற கார் அது. எனக்கு மனசு கேட்கவில்லை.

துணியின் ஓரத்தை விலக்கி, உள்ளே ஸ்ப்ரே பசை அடித்து, கையால் அழுத்திவிட்டேன். அன்றைக்கு அழகாக ஒட்டிக்கொண்டது. பத்து நாள் கழித்து வெயிலில் நிறுத்திவிட்டு வந்து பார்த்தால் மொத்தமும் இறங்கியிருந்தது. பசைதான் மட்டம் என்று வேறொரு டப்பா வாங்கினேன். அதுவும் நிற்கவில்லை.

அப்புறம்தான் துணியை முழுதாக உரித்துப் பார்த்தேன். அதன் முதுகில் ஸ்பாஞ்ச் மாதிரி மெல்லிய பாலியூரிதேன் ஃபோம் ஒன்று சேர்ந்தே இருக்கிறது. வருடக்கணக்கில் வெப்பமும் ஈரமும் பட்டு அது மட்கிவிட்டது. விரல் பட்டதும் மஞ்சள் மாவாக உதிர்ந்தது. நான் இரண்டு தடவையும் ஒட்டியது அந்த மாவைத்தான். எத்தனை நல்ல பசையாக இருந்தாலும் பொடியின் மேல் எப்படி நிற்கும்?

பழைய துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஃபோம் வைத்த புதுத் துணி வாங்கினேன். "கம் எவ்வளவு சூடு தாங்கும்னு டப்பாவில பார்த்தீங்களா சார்?" என்று கடைக்காரர் கேட்டார். அந்தக் கேள்விக்கு அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். நம் ஊர் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் 60 டிகிரியைத் தாண்டும். கூரைத் தகட்டை ஒட்டிய இடம் அதைவிடச் சுடும். காகிதத்துக்கும் கைவினைக்கும் விற்கிற ஸ்ப்ரே அந்தச் சூட்டில் இளகிவிடும். த்ரீஎம் என்கிற பசைக் கம்பெனியிலேயே பொது வேலைக்கு சூப்பர் 77 என்று ஒன்று, கார் கூரைத் துணிக்கென்று வேறொன்று என இரண்டும் தனித்தனி.

சன் வைசர், கைப்பிடி, டோம் லைட், தூண் ஓரத்துப் பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கழற்றி, துணி ஒட்டியிருந்த கூரை அட்டையைப் பின் கதவு வழியாக வெளியே எடுத்தோம். முகமூடி போட்டுக்கொண்டு நைலான் பிரஷ்ஷால் அந்த மாவை முழுக்கத் தேய்த்து எடுக்கவே அரை நாள் ஆனது. உண்மையான வேலை அதுதான். ஒட்டுவது அதற்கப்புறம் சுலபம். துணியைப் பாதியாக மடித்துப் போட்டு, அட்டையிலும் ஃபோமிலும் இரண்டு பக்கமும் ஒரு சாண் தூரத்திலிருந்து சீராக அடித்தேன். கிட்டே வைத்து அடித்தால் பசை ஃபோமில் ஊறி, முகப்பில் கறையாகத் தெரியும். சில நிமிடம் விட்டு விரலின் முதுகால் தொட்டேன். பிசுபிசுத்தது, ஆனால் விரலில் ஒட்டவில்லை. அந்தப் பதத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனேன். பள்ளங்களில் துணியை இழுத்துக் கட்டாமல் உள்ளே அமுக்கிவிட வேண்டும். இழுத்தால் அங்கேதான் முதலில் கிளம்பும். சின்ன காருக்கே இரண்டு டப்பா செலவானது. இரண்டு கோடை தாண்டிவிட்டது, ஒரு உப்பல்கூட இல்லை.

பதில் (கோவை)

நான் கட்டில் தலைப்பலகைக்குத் துணி ஒட்டினேன். ஃபோமுக்குப் பதிலாக வீட்டில் கிடந்த தெர்மாகோலை வைத்துவிட்டேன். ஸ்ப்ரே பட்ட இடமெல்லாம் குழி குழியாகக் கரைந்து போயிற்று. பசையிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும் என்று அப்போது தெரியாது. தெர்மாகோலுக்கு ஆகும் என்று டப்பாவிலேயே போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். ஓரத்துண்டு ஒன்றில் அடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் கை வையுங்கள்.

பதில் (மதுரை, குஷன் வேலை)

தம்பி, பிரஷ் போட்டுத் தேய்த்ததைச் சொன்னீர்களே, ரொம்பச் சரி. நாங்கள் கடையில் ரப்பர் பசையை கம்ப்ரஸர் துப்பாக்கியில்தான் அடிக்கிறோம். வீட்டு வேலைக்கு டப்பா போதும். ரெக்சின் ஒட்டுகிறவர்கள் கவனியுங்கள். ரெக்சினை மிருதுவாக வைத்திருக்கிற எண்ணெய் நாளாவட்டத்தில் கசிந்து சாதாரணப் பசையை இளக்கிவிடும். ரெக்சினுக்கு ஆகும் என்று எழுதியிருப்பதையே கேட்டு வாங்க வேண்டும். மழை நாளில் ஒட்டாதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது பசை குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் பனி மாதிரி படியும், பிடிமானம் இருக்காது.

இன்னொன்று. இந்தப் புகை தீப்பிடிக்கும். டப்பாவைத் தள்ளுகிற வாயுவே பெரும்பாலும் நம் சமையல் எரிவாயு வகைதான். சாமி விளக்கு, அடுப்பு, பீடி எதுவும் பக்கத்தில் வேண்டாம், ஜன்னல் கதவு திறந்திருக்கட்டும். சில பசைகளில் ஹெக்சேன் என்கிற கரைப்பான் இருக்கும். மூடிய அறையில் நாள் முழுக்க அதைச் சுவாசித்தால் காலப்போக்கில் நரம்பைக் கெடுக்கும், கை கால் மரத்துப் போகும். என்னிடம் வேலை கற்க வருகிற பையன்களை முற்றத்தில் வைத்துத்தான் அடிக்கச் சொல்கிறேன்.

வேலை முடிந்ததும் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் வாயு வரும்வரை இரண்டு தடவை அமுக்கிவிடுங்கள். டப்பாவின் மூக்குத் துளை அடைக்காது, மிச்சம் அடுத்த வேலைக்கு ஆகும்.