"கிஃப்ட் என்று போட்டுவிடுங்கள்": வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்பிய அனுபவங்கள்

காஞ்சிபுரத்திலிருந்து:

நேற்று மெல்போர்னிலிருந்து ஒரு அம்மா புடவைக்குப் பணம் அனுப்பிவிட்டு, கூடவே ஒரு வரி எழுதியிருந்தார்: "தம்பி, கிஃப்ட் என்று போட்டு 20 டாலர் என்று எழுதிவிடுங்கள்." வாரத்துக்கு இரண்டு முறையாவது யாராவது இப்படிக் கேட்கிறார்கள்; அன்பளிப்பு, குறைந்த விலை என்று எழுதினால் அங்கே சுங்கத்தில் வரி விழாது என்ற எண்ணம். ஒரு காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தவன்தான் நான். கேட்காதவர்களுக்கும் எழுதினேன். வம்பு வந்ததே அங்கேதான்.

எங்கள் வீட்டில் இரண்டு தறி. அண்ணன் நெய்கிறார், நான் விற்கிறேன். 2022 தீபாவளிக்கு முன்பு ஜெர்மனியிலிருந்து ஓர் அக்கா 18,500 ரூபாய்க்கு அரக்கு நிறப் பட்டு ஒன்று வாங்கினார். வரியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. வரியில்லாமல் போய்ச் சேர்ந்தால் அடுத்த முறையும் நம்மிடமே வருவார் என்று நானாகக் கணக்குப் போட்டு, சுங்கப் படிவத்தில் 'அன்பளிப்பு' கட்டத்தில் டிக் அடித்தேன். பொருள் என்ற இடத்தில் 'பருத்தித் துணி', மதிப்பு 15 டாலர். கவுண்டரில் எடை போட்ட அம்மா படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முத்திரை குத்திவிட்டார்.

ஜெர்மனியில் சுங்க அலுவலகத்திலிருந்து அக்காவுக்குக் கடிதம் போயிருக்கிறது: பார்சல் இங்கே இருக்கிறது, பணம் கட்டிய ஆதாரத்துடன் நேரில் வரவும். அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அங்கே பார்சலை அதிகாரி பிரிப்பதில்லை. ஒரு கத்தியைக் கையில் கொடுத்து நம்மையே பிரிக்கச் சொல்வார்களாம். அவர் பிரித்தார். மடிப்பு ஓரத்தில் ஹாலோகிராம் ஒட்டிய சில்க் மார்க் அட்டை தொங்கியது. அதற்குக் கீழே நூல் கட்டி, என் கையெழுத்திலேயே விலைச்சீட்டு: 18,500. படிவத்தில் பருத்தி, அட்டையில் பட்டு, அவர் கையில் இருந்த வங்கித் தாளில் முழுத்தொகை. "அனுப்பியவர் உங்கள் உறவினரா?" என்று கேட்டிருக்கிறார் அதிகாரி. கடைக்காரர் என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

தனிநபர் ஒருவர் இன்னொரு தனிநபருக்குக் காசு வாங்காமல் அனுப்பும் அன்பளிப்புக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ வரை விலக்கு உண்டு. விற்ற பொருளுக்கு முன்பு 22 யூரோ வரை மதிப்புக் கூட்டு வரி கிடையாது. 2021 ஜூலை 1 முதல் அதுவும் போய்விட்டது. அப்போது 150 யூரோவைத் தாண்டினால் தனியாகச் சுங்கத் தீர்வையும் சேர்ந்தது. ஜெர்மனியில் மதிப்புக் கூட்டு வரி மட்டுமே 19 சதவீதம். அக்கா 3,500 ரூபாய்க்கு மேல் கட்டியிருப்பார். அன்று இரவு எனக்கு எழுதினார்: "வரி கட்டியதில் எனக்கு வருத்தமில்லை தம்பி. எல்லாருக்கும் முன்னால் திருடி மாதிரி நின்றேன்." அந்தப் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். வாங்கிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் புடவையும் வாங்கவில்லை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

கும்பகோணம் பக்கமிருந்து, பித்தளை விளக்கு வியாபாரம்:

என் கதை வேறு மாதிரி, அண்ணே. நான் பொய் எழுதவில்லை. அதனாலேயே வியாபாரம் பாதி போனது.

அமெரிக்காவுக்கு 800 டாலர் வரை வரியில்லை என்பது 2016 முதல் எங்களுக்கு வேதவாக்கு. என் விலைப்பட்டியலிலேயே அச்சடித்து வைத்திருந்தேன். 2025 ஆகஸ்ட் 29 முதல் அந்தச் சலுகையை எல்லா நாடுகளுக்கும் நிறுத்தினார்கள். அதற்கு நான்கு நாள் முன்பே, 25ஆம் தேதியிலிருந்து, நம் தபால் துறை அமெரிக்காவுக்குப் பார்சல் எடுப்பதை நிறுத்திவிட்டது. கடிதம், ஆவணம், 100 டாலருக்கு உட்பட்ட அன்பளிப்பு மட்டும் போகும் என்றார்கள்; சில நாளில் அதையும் நிறுத்தினார்கள். என் கூடத்தில் பதினொரு விளக்கு வைக்கோல் சுற்றித் தயாராக நின்றது.

100 டாலர் அன்பளிப்பு என்ற அந்த வாசகத்தை வாங்குபவர்கள் என்னைவிட வேகமாகப் படித்திருந்தார்கள். "அப்படியானால் கிஃப்ட் என்று அனுப்புங்களேன்" என்று பதினொருவரில் ஏழு பேர் கேட்டார்கள். விற்ற பொருளை எப்படி ஐயா அன்பளிப்பு என்று எழுதுவது? மாட்டேன் என்றேன். அக்டோபர் 15இல் சேவை மறுபடி தொடங்கியபோது, எழுதிய மதிப்பில் 50 சதவீதத்தை வரியாக இங்கேயே, பதிவு செய்யும்போதே கட்ட வேண்டும் என்றார்கள். 4,800 ரூபாய் விளக்குக்கு 2,400 ரூபாய். ஒவ்வொருவருக்கும் எழுதிக் கேட்டேன். ஐந்து பேர் சரி என்றார்கள், ஆறு பேர் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் அதையும் நிறுத்தும் வரை அந்தச் சில நாளும் 99 டாலர் அன்பளிப்பு என்றே அனுப்பிக்கொண்டிருந்தார். அத்தனையும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கும் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்.

டொரோண்டோவிலிருந்து, வாங்குகிற பக்கத்து ஆள்:

நான் யாழ்ப்பாணம், இங்கே வந்து இருபது வருடமாகிறது. விற்கிறவர்கள் எல்லாரும் வரி என்றாலே நாங்கள் ஓடிவிடுவோம் என்று நினைக்கிறீர்கள். அப்படியில்லை.

போன வருடம் ஒரு பித்தளை முறுக்கு உரல் வாங்கினேன், 64 கனேடிய டாலர். "எல்லாம் சேர்த்த விலைதான் அக்கா, வேறு செலவே இல்லை" என்றார் விற்றவர். அவர் படிவத்தில் சரியான விலையைத்தான் எழுதியிருந்தார், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தியாவிலிருந்து இங்கே வரும் பொருளுக்கு 20 டாலருக்கு மேல் போனாலே வரி உண்டு. ஒன்டாரியோவில் விற்பனை வரி 13 சதவீதம். அது எட்டுச் சொச்சம் டாலர்தான். அந்த எட்டு டாலரை வசூலித்துக் கொடுப்பதற்குக் கூரியர்காரர் போட்ட கட்டணம் அதைவிடப் பெரிது. பனிக்குள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கார்டைத் தேடினேன். முன்பே சொல்லியிருந்தால் தபாலிலேயே அனுப்பச் சொல்லியிருப்பேன். 'வேறு செலவே இல்லை' என்று அவர் சொன்னதற்குத்தான் கோபம். சுங்கத்துக்கு உண்மை சொன்னவர் எனக்குச் சொல்லவில்லையே.

உரல் நல்ல உரல். முறுக்கு நன்றாக வருகிறது.

கரூரிலிருந்து:

சுருக்கமாகச் சொல்கிறேன். 240 டாலர் போர்வைகளுக்கு 30 டாலர் என்று எழுதினேன். பார்சல் வழியில் தொலைந்தது. இழப்பீடு கேட்டபோது, "நீங்கள் எழுதிய மதிப்பு 30 டாலர்தானே?" என்றார்கள். என்ன பதில் சொல்வது? வாங்கியவருக்கு 240 டாலரையும் என் கையிலிருந்து கொடுத்தேன். அதோடு முடியவில்லை. கணக்கில் 240 டாலர் வந்திருக்கிறது, ஏற்றுமதித் தாள் 30 டாலர் சொல்கிறது, மீதி எதற்கு வந்த பணம் என்று வங்கியில் கேட்டார்கள். ஆடிட்டர் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

மறுபடி காஞ்சிபுரத்திலிருந்து:

டொரோண்டோ அக்கா சொன்னது உறைத்தது. நானும் ஜெர்மனி விஷயத்துக்குப் பிறகு படிவத்தைத் திருத்திக்கொண்டேனே தவிர, வாங்குபவரிடம் வரியைப் பற்றிப் பேச ஓர் ஆண்டு ஆனது. இப்போது பணம் வாங்கும் முன்பே மூன்று வரி அனுப்புகிறேன்: படிவத்தில் இந்த விலையைத்தான் எழுதுவேன், உங்கள் நாட்டில் ஏறக்குறைய இவ்வளவு வரி வரலாம், அதைக் கட்டுவது நீங்கள். படித்துவிட்டு மறைந்து போகிறவர்கள் உண்டு. பிரிட்டனில் கொஞ்சம் சிக்கல்; 135 பவுண்டு வரையுள்ள விற்பனைக்கு அங்கே விற்பவரே பதிவு செய்து வரி கட்ட வேண்டும். அந்த வம்பு வேண்டாமென்று அந்த விலைக்குள் வரும் துண்டு, ரவிக்கைத் துணியெல்லாம் அங்கே அனுப்புவதில்லை.

மெல்போர்ன் அம்மாவின் புடவை 22,000 ரூபாய். ஆஸ்திரேலியாவில் 1,000 டாலருக்கு உட்பட்ட பார்சலுக்கு எல்லையில் எதுவும் வசூலிப்பதில்லை. 2018 ஜூலை முதல் 10 சதவீத வரி உண்டு. ஆனால் அதை வாங்கிக் கட்ட வேண்டியவர்கள் அந்த நாட்டில் ஆண்டுக்கு 75,000 டாலருக்கு விற்கும் பெரிய வியாபாரிகள். இரண்டு தறிக்காரன் அந்தக் கணக்கிலேயே வரமாட்டேன். ஆக, உள்ள விலையை எழுதினாலும் அவருக்கு ஒரு காசு செலவில்லை. இதையெல்லாம் விளக்கமாக எழுதி அனுப்பினேன்.

இன்று காலை பதில் வந்தது: "சரி தம்பி, புரிந்தது. எதற்கும் கிஃப்ட் என்றே போட்டுவிடுங்கள்."