செல்லம்மாள் இல்லம்: ஞாயிறு, நெட் இல்லை

சாந்தி அத்தை: யார் வீட்லயும் நெட் இல்லையாமே. 4 மணிக்கு சிங்கப்பூர்க்காரங்க பொண்ணு பார்க்க வீடியோல வராங்க. முரளி என்னப்பா இது

ப்ரியா: வைஃபை காட்டுது. ஒண்ணும் ஓடல

முரளி: கரண்ட் போச்சா?

சேகர் சித்தப்பா: காலைல. மாடிப்படிக்குக் கீழ உன் பழைய சிபியு அணைஞ்சிருந்துச்சு. நான்தான் பட்டனை அமுக்கினேன்

முரளி: அதான். பொறுமையா படிங்க. அதுல நெட் வயர் சொருகுற லேன் கார்டு ரெண்டு இருக்கு. ஒண்ணு ஃபைபர் பெட்டிக்கு, ஒண்ணு நம்ம மூணு வீட்டு வைஃபைக்கு. இதுல வர்றதை அதுக்குத் தள்ளிவிடுன்னு லினக்ஸ்கிட்ட (அந்த சிபியுல ஓடுற சிஸ்டம்) சொன்னாதான் தள்ளும். அதுக்கு ஐபி ஃபார்வர்டிங்னு பேரு, சொல்லலைன்னா 0லயே, அதாவது ஆஃப்லயே நிக்கும். அப்புறம் நம்ம போனுக்கு இருக்கிற நெட் நம்பரெல்லாம் (ஐபி) 192.168ன்னு ஆரம்பிக்கும், வீட்டுக்குள்ள மட்டும் செல்லும். வெளிய போறப்ப மாஸ்கரேட் விதி எல்லாத்தையும் ஒரே நம்பரா மாத்தி அனுப்பும், பதில் வந்தா யார் கேட்டதுன்னு பார்த்துப் பிரிச்சுக் குடுக்கும். இந்த ரெண்டையும் போன வாரம் கையால அடிச்சு ஓட விட்டேன், ஃபைல்ல எழுதல. ரீஸ்டார்ட் ஆனா மறந்துடும்

சாந்தி அத்தை: யார் மறந்தது

திவ்யா: உங்க மருமகன்தான் அத்தை

முரளி: எதை விடணும் எதை அடைக்கணும்னு சொல்ற ஃபயர்வால் விதியெல்லாம் ஃபைல்ல பத்திரமா இருக்கு

சேகர் சித்தப்பா: அடைக்கிறது மட்டும் ஞாபகம் இருந்துச்சு. ரத்தம் அப்படி

ராஜேந்திரன் பெரியப்பா: சேகர், 2009 சுவரை இங்க இழுக்காதே

சேகர் சித்தப்பா: ஒன்றரை அடி அண்ணே

சாந்தி அத்தை: டேய் இன்னைக்கு வேண்டாம். பஜ்ஜியா கேசரியா

ப்ரியா: அத்தை வீடியோ கால்ல எதுக்கு கேசரி

ராஜேந்திரன் பெரியப்பா: அந்த டப்பா 60 வாட். ஒரு நாளைக்கு 1.44 யூனிட். ரெண்டு மாச பில்லுக்கு 86. இலவசமே 100தான். மீட்டர் என்னுது

முரளி: அப்பா அப்புறம் பேசலாம்

திவ்யா: திருச்சிலேர்ந்தே சரி பண்ண முடியாதா

முரளி: முடியாது. உள்ள இருந்து கேட்டதுக்கு வர்ற பதிலைத் தவிர வெளியிலேர்ந்து எதுவும் நுழையக் கூடாதுன்னு போட்டு வச்சதே நான்தான்

சேகர் சித்தப்பா: 😂😂

முரளி: திவ்யா, கமாண்டை எழுதி போட்டோ அனுப்பிருக்கேன். ரெண்டு வரி. பார்த்து அடி

திவ்யா: கீபோர்டு எங்க

முரளி: பரண்ல

திவ்யா: ஏணி?

ராஜேந்திரன் பெரியப்பா: ஏணி சேகர் பக்கம். போன தீபாவளிக்கு வாங்கினது

சேகர் சித்தப்பா: குடுத்துட்டேனே

சாந்தி அத்தை: மணி 3.20

ப்ரியா: என் டேட்டாவும் உள்ரூம்ல ஒரு கோடுதான். ப்ளீஸ்

சேகர் சித்தப்பா: நெட் வந்தாச்சு. வைஃபைய அணைச்சுப் போடுங்க

முரளி: என்ன பண்ணீங்க??

சேகர் சித்தப்பா: சிபியுல இருந்த வயரைப் பிடுங்கி நேரா ஃபைபர் பெட்டில சொருகினேன்

ப்ரியா: ஓடுது!!! தேங்க்ஸ்பா

முரளி: அய்யோ. வாசல் கேமரா ராத்திரில தானா வெளிய எங்கயோ பேசுதுன்னுதானே அதை அடைக்க இதை வச்சேன். இப்ப திறந்தாச்சு. கால் முடிஞ்சதும் பழையபடி மாத்துங்க

ராஜேந்திரன் பெரியப்பா: இருக்கட்டும். மீட்டரும் மெதுவா ஓடும்

சாந்தி அத்தை: பொண்ணுக்கு மல்லிப்பூ வாங்கியாச்சா

திவ்யா: ரெண்டு முழம் வாங்கிட்டேன் அத்தை

முரளி: சித்தப்பா கேமரா வயரையாவது கழட்டிடுங்க

முரளி: சித்தப்பா?

சாந்தி அத்தை: கேசரிதான். ரவை வறுத்துட்டேன்