மறு: கக்கெக்சியா – ‘உடல் மெலிவு’ போதுமா?

> ‘புற்றுநோய் உடல் மெலிவு’ என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். கக்கெக்சியா என்பது புற்றுநோய் போன்ற நாட்பட்ட நோய்களில் தசை கரைந்து எடை இறங்கும் நிலை; அதற்குத்தானே தமிழ்ச்சொல் தேடுகிறோம். பட்டினி கிடந்தாலும் மெலிவுதான். அப்போது உடல் கொழுப்பை எரித்துத் தசையைக் கூடியவரை காப்பாற்றிக்கொள்ளும். இங்கே கட்டியும் அழற்சியும் சேர்ந்து தசையையே கரைக்கின்றன. ஊட்டத்தைக் கூட்டினால் மட்டும் முழுதாக மீளாது. 2011இல் வந்த பன்னாட்டு வரையறைப்படி ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை இறங்கினாலே கணக்கில் வந்துவிடும்; ஏற்கெனவே ஒல்லியானவருக்கும் தசை குறைந்தவருக்கும் 2 சதவீதம் தாண்டினாலே போதும். அதாவது நல்ல பருமனான ஒருவருக்கும் இது இருக்கலாம். அவரைப் பார்த்து ‘மெலிவு’ என்றால் யார் நம்புவார்கள்?

இதற்கு முன்மொழிந்த ‘உருக்கம்’ எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் எலும்புருக்கியைக் காசநோய் எப்போதோ எடுத்துக்கொண்டது. ‘புற்றுருக்கம்’ என்று அறிக்கையில் எழுதினால் கட்டி உருகிவிட்டது என்று நோயாளி மகிழ்ந்துபோவார்!

என் வாக்கு ‘நோய்நலிவு’க்கு. இதயச் செயலிழப்பு, நாட்பட்ட சிறுநீரக நோய் இவற்றிலும் வருவதால் பொதுச்சொல் ஒன்று வேண்டும். புற்றில் வந்தால் ‘புற்றுநலிவு’. தசையின் அளவும் வலுவும் குறையும் சார்க்கோபீனியாவுக்குத் ‘தசைக்குறைவு’ இருக்கட்டும், இரண்டையும் குழப்ப வேண்டாம்.

அப்புறம், முன்மொழிந்த இன்னொரு சொல், ‘இரத்த அமினோ அமிலச் சோதனை’. வழக்கமாக அளப்பது பிளாஸ்மாவில், அதாவது அணுக்களை நீக்கிய இரத்தத் திரவத்தில். சிவப்பணுக்களுக்குள் அஸ்பார்டேட், குளுட்டமேட் என்ற அமினோ அமிலங்கள் அதிகம், ஆர்ஜினினை ஆர்னிதினாக மாற்றும் ஆர்ஜினேஸ் நொதியும் உண்டு. குழாயில் அணுக்கள் உடைந்தால் ஆர்ஜினின் குறைந்து ஆர்னிதின் ஏறும். மாதிரியைக் குளிர்விக்காமல் அப்படியே வைத்திருந்தால் குளுட்டமின் சிதைந்து குளுட்டமேட்டாகக் கணக்கில் சேரும். நோயாளியின் தசையைப் பற்றி எழுதுவதாக நினைத்து, மாதிரி கிடந்த கிடப்பை எழுதிக்கொண்டிருப்போம். சாப்பிட்ட பிறகு எடுத்தால் லியூசின், ஐசோலியூசின், வாலின் என்ற அமினோ அமிலங்கள் மூன்றும் உயர்ந்திருக்கும். ஆகவே ‘வெறும் வயிற்றுப் பிளாஸ்மா அமினோ அமில அளவு’ என்றே போடலாம். நீளம்தான், ஆனால் அதில் எதை வெட்டினாலும் தகவல் போய்விடும்.

தசைப் புரதத்தில் உள்ள அமினோ அமிலமான 3-மெத்தில்ஹிஸ்டிடினுக்குத் ‘தசைச்சிதைவுக் காட்டி’ என்ற பெயரை ஏற்க மாட்டேன். தசையிழைப் புரதம் சிதையும்போது அது வெளிவருவதும், மறுபடி புரதத்தில் சேராமல் சிறுநீரில் போய்விடுவதும் சரிதான். ஆனால் முந்தின நாள் இறைச்சி சாப்பிட்டவருக்கும் ஏறுமே! வேதிப்பெயரையே வைத்துக்கொள்வோம்.