சார்பதிவாளர் அலுவலகம் மாடியில், நான் சக்கர நாற்காலியில்: வக்கீல் செலவில்லாமல் புகார் செய்ய வழி உண்டா?

மருதாணி:
வணக்கம். 4 வருடங்களுக்கு முன் விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டது. அதிலிருந்து சக்கர நாற்காலிதான். போன மாதம் அப்பா வீட்டை என் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதினார். பதிவு அலுவலகம் முதல் மாடியில், லிஃப்ட் கிடையாது. என்னை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்கினார்கள். படி திரும்பும் இடத்தில் நாற்காலிக் கால் வளைந்து, முழங்கால் சுவரில் உரசித் தோல் கிழிந்துவிட்டது. எனக்கு அங்கே உணர்ச்சி இல்லை. வீட்டுக்கு வந்து அம்மா என் பாவாடையில் ரத்தம் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

புகார் செய்ய ஒரு வக்கீலைக் கேட்டேன், முன்பணமே 25,000 என்றார். நான் வீட்டில் தையல் வேலை பார்ப்பவள். அப்பாவுக்கு ஓய்வூதியம் வருவதால் இலவச சட்ட உதவி கிடைக்காது என்கிறார்கள். உண்மையா?

கரிசல்:
உண்மையில்லை சகோதரி. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987, பிரிவு 12 படி மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பே கிடையாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும். வெள்ளைத் தாளில் மனுவும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகலும் போதும். அவர்கள் தரும் வக்கீலுக்கு நீங்கள் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம். யாராவது கேட்டால் ஆணைக்குழுச் செயலாளரிடமே சொல்லுங்கள், அவர் ஒரு நீதிபதி.

தென்னந்தோப்பு:
நானும் ஊன்றுகோலோடு நடப்பவன். ஓர் அரசு அலுவலகப் படிக்கட்டுக்காக மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுத்தேன். வக்கீல் தேவைப்படவில்லை, கட்டணமும் இல்லை. டேப்பை வைத்துப் படியின் உயரம் தெரியும்படி படம் எடுத்தேன், முதல் படியே 9 அங்குலம். விசாரணையில் நான் எழுதிய மூன்று பக்கத்தைவிட அந்தப் படத்தைத்தான் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். உங்கள் காயத்தையும் படம் எடுங்கள். மருத்துவமனைச் சீட்டு இருந்தால் இணைத்துவிடுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 45 என்று மனுவில் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை மாற்றுத்திறனாளிகள் அணுகும்படி மாற்ற, விதிகள் வந்த நாளிலிருந்து 5 வருடம் கெடு கொடுத்திருந்தது. விதிகள் 2017 ஜூனில் வந்தன, கெடு 2022லேயே போய்விட்டது. வெறுமனே 'நடவடிக்கை எடுக்கவும்' என்று முடிக்காதீர்கள். லிஃப்ட் வரும்வரை தரைத்தளத்தில் ஓர் அறையில் பதிவு நடத்த வேண்டும் என்று திட்டமாகக் கேளுங்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது: ஆணையர் தருவது பரிந்துரைதான். ஏற்காவிட்டால் அந்த அலுவலகம் 3 மாதத்துக்குள் காரணம் சொல்லியாக வேண்டும். அதுவும் சரியில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது அரசு அலுவலகத்துக்கு நீதிமன்றமே உத்தரவிடக் கேட்கும் மனு போடலாம். அதற்கும் உயர் நீதிமன்ற சட்டப்பணிகள் குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம், மதுரைக் கிளையிலும் குழு உண்டு.

பத்திரக்காரர்:
நான் பத்திர எழுத்தர். படித்ததும் மனது கனத்துவிட்டது. பதிவுச் சட்டம் 1908, பிரிவு 38 படி, உடல்நிலையால் சிரமமோ ஆபத்தோ இல்லாமல் வர முடியாதவர் அலுவலகம் வரத் தேவையில்லை. சார்பதிவாளர் வீட்டுக்கு வருவார், அல்லது ஆள் அனுப்பி விசாரிப்பார். முன்கூட்டியே மனு கொடுத்துக் கட்டணம் கட்ட வேண்டும். உங்கள் பத்திரத்தை எழுதியவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

தென்னந்தோப்பு:
நல்ல தகவல் ஐயா. ஆனால் இதைக் காட்டிப் படியை அப்படியே விட்டுவிடக் கூடாது. நாளைக்கு அவர் வேறொருவர் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடப் போனால் அதே மாடிதானே?

மருதாணி:
எல்லோருக்கும் நன்றி. தம்பியை அனுப்பிப் படிகளை அளந்து படம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஆணையருக்கு மனுவும் எழுத ஆரம்பித்துவிட்டேன். சட்டப்பணிகள் அலுவலகமும் மாடியில் இருந்தால் என்ன செய்வது அண்ணா?

கரிசல்:
நீங்கள் போக வேண்டாம் அம்மா. முதலில் இலவச சட்ட உதவி எண்ணான 15100க்கு அழைத்து நிலைமையைச் சொல்லுங்கள். மனுவில் கையெழுத்துப் போட்டுத் தம்பியிடம் கொடுத்துவிடலாம், பதிவுத் தபாலிலும் அனுப்பலாம். நேரில் கொடுத்தால், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு நகல் ஒன்றில் முத்திரை வாங்கி வரச் சொல்ல மறக்காதீர்கள்.