பெறுமதியா, மதிப்பா, விலையா: ஒரு கலைச்சொல் இழை

நண்பர்களுக்கு வணக்கம்.

இயற்கை வள மேலாண்மை பற்றிய ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு காட்டையோ சதுப்புநிலத்தையோ ஆற்றுப்படுகையையோ என்ன செய்வது என்று முடிவெடுப்பவர், அதற்கு முன் 'ஈகோசிஸ்டம் சர்வீசஸ் வேல்யூவேஷன்' செய்து பார்க்க வேண்டும், அதாவது நீரைத் தேக்குவது, தூய்மையாக்குவது என்று அந்த இடம் மனிதருக்குச் செய்துதருபவை எவ்வளவு மதிப்புள்ளவை என்று பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். 'சூழல்தொகுதிச் சேவைகளின் மதிப்பீடு' என்று தலைப்பிட்டுவிட்டு இருபது பக்கம் ஓட்டிவிட்டேன். இருபத்தோராம் பக்கத்தில் நானே எழுதிவைத்த வாக்கியம் இது: "மதிப்பீட்டில் கிடைத்த மதிப்பீடுகளை மக்களின் மதிப்பீடுகளோடு ஒப்பிட்டு மதிப்பிட வேண்டும்."

சிரிக்காதீர்கள். மூலத்தில் அந்த நான்கு இடத்திலும் நான்கு சொற்கள்: வேல்யூவேஷன், எஸ்டிமேட், வேல்யூஸ், எவால்யுவேட். 'அசெஸ்மென்ட்' என்பதற்கும் நாம் மதிப்பீடு என்றுதான் எழுதுகிறோம். ஆக ஐந்து.

காதுக்கு மட்டும் உறுத்தினால் பொறுத்துக்கொள்ளலாம். பொருளே மாறிப்போகிறது. 1997இல் சூழல் பொருளியலாளர் ராபர்ட் கோஸ்டான்சா குழுவினர் 'நேச்சர்' இதழில் 17 வகைச் சேவைகளைக் கணக்கிட்டு, உலகம் முழுமைக்கும் ஆண்டுக்குச் சராசரியாக 33 லட்சம் கோடி டாலர் என்றார்கள். அப்போது உலக நாடுகளின் மொத்த உற்பத்தியே ஏறத்தாழ 18 லட்சம் கோடிதான். 2005இல் வந்த, ஐ.நா. முன்னெடுத்த ஆயிரமாண்டுச் சூழல்தொகுதி ஆய்வின் ('மில்லேனியம் ஈகோசிஸ்டம் அசெஸ்மென்ட்') முதன்மை முடிவோ பணத்தில் இல்லை. தான் எடுத்துக்கொண்ட 24 சேவைகளில் 15 சீரழிந்துவருகின்றன என்றது அது. முன்னது காசுக் கணக்கு, பின்னது உடல்நலப் பரிசோதனை மாதிரி. தமிழில் இரண்டுமே மதிப்பீடு! படிப்பவர் என்ன செய்வார், பாவம்.

ஆலோசனை சொல்லுங்கள்.

*

> 'சூழல்தொகுதிச் சேவைகளின் மதிப்பீடு' என்று தலைப்பிட்டுவிட்டு

ஏற்கெனவே புழங்கும் சொல்லை ஏன் கலைக்க வேண்டும்? 'சூழல்தொகுதி' சரி. சூழ்நிலை மண்டலம் என்று பாடநூலில் படித்தவர்களுக்கும், சூழற்றொகுதி என்று இலங்கையில் படித்தவர்களுக்கும் புரியும். மண்டலம் என்றால் வரைபடத்தில் கோடு போட்ட இடம் போலத் தோன்றுகிறது, தொகுதியே மேல். 'மதிப்பீடு' விஷயத்தில் அடைமொழி போட்டுச் சமாளியுங்கள்: பொருளாதார மதிப்பீடு, நிலை மதிப்பீடு, இப்படி.

எனக்கு உறுத்துவது 'சேவை'. காடு நமக்குச் சேவகமா செய்கிறது?

*

நண்பர் கேட்ட அந்தக் கேள்வியை ஆங்கிலத்திலும் கேட்டுவிட்டார்கள். 1981இல் பால் எர்லிக்கும் ஆன் எர்லிக்கும் ஒரு நூலில் 'ஈகோசிஸ்டம் சர்வீசஸ்' என்ற தொடரை எழுதியபோது, எளிதில் புரியட்டும் என்றுதான் அந்தச் சொல். பின்னாளில் அது கடைக்காரர், வாடிக்கையாளர் என்ற படத்தைக் கொண்டுவருகிறது என்று பலர் முகம் சுளித்தார்கள். ஐபிபெஸ் எனப்படும் பல்லுயிர் அறிவியல் அமைப்பு 2018 வாக்கில் 'மக்களுக்கு இயற்கையின் பங்களிப்பு' என்ற தொடருக்கு நகர்ந்தது.

தமிழில் 'கொடை' என்று வைக்கலாமா என்று யோசித்தேன். கொடை என்றால் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு கொடுப்பது. சதுப்புநிலத்துக்கு அப்படி எண்ணம் ஏதும் இல்லை. அது தண்ணீரைத் தேக்குகிறது, கூடவே கொசுவையும் வளர்க்கிறது. 'பயன்' என்று வைத்தால் வேறு சிக்கல். ராய் ஹைன்ஸ்-யங், மரியன் பாட்ஷின் இருவரும் 2010இல் எழுதிய படிக்கட்டு இந்தத் துறையில் எல்லாருக்கும் பாடம். ஐந்து படி: அமைப்பு, இயக்கம், சேவை, பயன், மதிப்பு. ஆற்றோரத்தில் புதர்கள் அடர்ந்திருப்பது அமைப்பு. அவற்றின் வேர்கள் நீரிலிருந்து நைட்ரேட்டை உறிஞ்சுவது இயக்கம். அந்த உறிஞ்சலால் கீழே ஓடும் நீர் தூய்மையாவது சேவை. குழாயில் குடிக்கத் தக்க நீர் வருவது பயன். அதற்காக நாம் எவ்வளவு விட்டுக்கொடுக்கத் தயார் என்பது மதிப்பு. மூன்றாம் படியையும் நான்காம் படியையும் ஒரே சொல்லால் எழுதினால், ஒரே தண்ணீரை இரண்டு முறை எண்ணிவிடுவோம். இரட்டைக் கணக்கு என்பது இந்தத் துறையின் தீராத வியாதி. அதனால் ஒற்றைச் சொல்லாக உண்டாக்காதீர்கள், ஐந்து படிக்கும் ஒருசேர உண்டாக்குங்கள்.

மூன்றாம் படிக்கு நான் சொல்வது: ஈவு. 'இயற்கை மூலதனம்' என்று எழுதப் பழகிவிட்டோம். மூலதனத்திலிருந்து ஆண்டுதோறும் வருவது ஈவு. ஈவுத்தொகை என்று பங்குதாரர்கள் எல்லாரும் அறிந்த சொல். 'ஈ' என்ற வினையடியில் கொடுத்தலும் இருக்கிறது, சேவகம் இல்லை. முதலைத் தின்றுவிட்டு ஈவை எதிர்பார்க்க முடியாது என்பதும் சொல்லாமலே விளங்கும். சூழல் ஈவு. எப்படி?

*

> சூழல் ஈவு. எப்படி?

அழகாக இருக்கிறது ஐயா. ஆனால் கணக்குப் பாடத்தில் ஈவு என்றால் வகுத்து வந்த விடை. பள்ளிப் பிள்ளைகள் 'மீதி எங்கே?' என்று கேட்பார்கள்.

*

நான் பொருளியல்காரன், ஆகவே சொல்லழகை விட்டுவிட்டுப் பேசுகிறேன். நீங்கள் எல்லாரும் முதல் நான்கு படியில் நிற்கிறீர்கள்; முடிவெடுப்பவருக்குத் தேவை ஐந்தாவது.

முதல் மடலில் சொன்ன 33 லட்சம் கோடி, முடிவெடுக்க உதவாத எண். உலகத்தின் எல்லாச் சூழல்தொகுதிகளும் ஒரே நாளில் போய்விட்டால் எவ்வளவு நட்டம் என்று யாரும் கேட்கப்போவதில்லை. போய்விட்டால் கேட்க ஆளும் இருக்காது. அந்தத் தொகை 'முடிவிலியையே குறைத்துப் போட்ட கணக்கு' என்று பொருளியலாளர் மைக்கேல் டோமன் 1998இல் கிண்டல் செய்தார். மேலாளரின் கேள்வி வேறு: இந்தச் சதுப்பில் பத்தில் ஒரு பங்கைத் தூர்த்தால் எது எவ்வளவு குறையும்? அந்தக் குறைவால் யாருக்கு என்ன செலவு?

நியூயார்க் நகரத்துக் குடிநீரை எடுத்துக்கொள்ளுங்கள். வடிகட்டும் ஆலை கட்டினால் 600 கோடி முதல் 800 கோடி டாலர் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். மேலே, அந்த நீர் வரும் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் நிலத்தைக் காத்து, பண்ணைக் கழிவைக் கட்டுப்படுத்த 100 முதல் 150 கோடி. 1997இல் மேட்டு ஊர்களோடு ஒப்பந்தம் போட்டார்கள். கவனியுங்கள், அந்தக் காடு எவ்வளவு பெறும் என்று யாரும் கணக்குப் போடவே இல்லை. இரண்டு செலவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள், அவ்வளவுதான். நடப்பில் வேல்யூவேஷன் என்பது பெரும்பாலும் இதுதான். கூச்சப்படாமல் 'விலையிடல்' என்று வையுங்கள்.

*

பொருளியல் நண்பரின் மடலில் ஒரு வினைச்சொல் தானாக வந்து விழுந்திருக்கிறது. "எவ்வளவு பெறும்" என்று எழுதியிருக்கிறார். எழுதும்போது யோசித்திருக்க மாட்டார். அதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

தமிழில் ஒரு பொருளைப் பார்த்து 'இது எவ்வளவு பெறும்?' என்கிறோம். 'கால்காசு பெறாது' என்கிறோம். விற்கிறோம் என்று அர்த்தமில்லை. விற்றாலும் விற்காவிட்டாலும் அது எதற்கு ஈடாகும் என்பதுதான் கேள்வி. இந்த வினையிலிருந்துதான் பெறுமதி. இலங்கைத் தமிழர்கள் அன்றாடம் எழுதுகிற சொல். இங்கே 'மதிப்புக் கூட்டு வரி' என்பதை அவர்கள் 'பெறுமதி சேர் வரி' என்கிறார்கள். நாம் ஏன் அதைக் கைவிட்டோம் என்று தெரியவில்லை, திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

'விலையிடல்' எனக்குச் சம்மதமில்லை. விலை என்றால் தமிழில் விற்பனை வந்துவிடுகிறது. 'விலைபோய்விட்டான்' என்பது வசவு. ஓர் ஏரிக்கு விலையிட்டோம் என்று அறிக்கையில் எழுதினால், ஏரியை விற்கப்போகிறார்கள் என்றுதான் ஊர் படிக்கும். படித்துக் கூட்டம் கூடினால் தப்பும் சொல்ல முடியாது.

மறுபக்கம் 'மதி' என்ற வினை. மதித்தல் என்றால் அளவிடுதலும் உண்டு, மரியாதை கொடுத்தலும் உண்டு. ஆங்கிலத்தின் 'வேல்யூ' என்ற வினையிலும் இந்த இரண்டும் இருக்கின்றன. அவர்கள் அதை வைத்துக்கொண்டு நாற்பது ஆண்டுகளாகச் சண்டை போடுகிறார்கள். ஐபிபெஸ் 2022இல் வெளியிட்ட அறிக்கை முழுக்க அந்தச் சண்டையைத் தீர்க்கும் முயற்சி. மதிப்பு காண 50க்கும் மேற்பட்ட முறைகள் இருக்கின்றன என்று அது எண்ணிக்காட்டியது. காசில் அளப்பவை அதில் ஒரு பகுதிதான். ஒரு மலையைத் தெய்வமாக நினைப்பவர்களின் உறவும் இன்னொரு வகை மதிப்பு என்று தனியாகப் பெயர் கொடுத்தது. அவர்களிடம் இருப்பது ஒரு சொல், நம்மிடம் இரண்டு. அதனால் பிரித்துவிடலாம்:

எல்லா வகை மதிப்பையும் கேட்டறிவது, மதிப்பறிதல். அதில் ஈடு இவ்வளவு என்று எண்ணில் சொல்லும் பகுதி, பெறுமதி காணல். சந்தையில் கைமாறும் தொகை மட்டும் விலை. அசெஸ்மென்ட் என்பதை நிலையாய்வு என்று தள்ளிவைத்துவிடுவேன். எஸ்டிமேட்டுக்குக் கணிப்பு. அப்படியானால் என் இருபத்தோராம் பக்க வாக்கியம் இப்படி ஆகிறது: "பெறுமதி காணலில் கிடைத்த கணிப்புகளை, மக்கள் மதிப்பவற்றோடு ஒப்பிட்டுச் சீர்தூக்க வேண்டும்." ஒரே மூச்சில் படிக்க முடிகிறது.

*

> விலை என்றால் தமிழில் விற்பனை வந்துவிடுகிறது.

ஒத்துக்கொள்கிறேன், 'விலையிடல்' வாபஸ். ஆனால் 'பெறுமதி' என்றதும் அது பொருளுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது போலத் தோன்றுவதையும் சொல்லிவையுங்கள். கோஸ்டாரிகாவில் ஒரு காப்பித் தோட்டம். பக்கத்துக் காட்டிலிருந்து வரும் தேனீக்களின் மகரந்தச் சேர்க்கையால், காட்டுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த செடிகளில் விளைச்சல் 20 விழுக்காடு கூடியது. அந்த ஒரு தோட்டத்துக்கே ஆண்டுக்குச் சுமார் 60,000 டாலர் என்று 2004இல் கட்டுரை வந்தது. கொஞ்ச காலத்தில் காப்பியைப் பிடுங்கிவிட்டு அன்னாசி போட்டார்கள். அன்னாசிக்குத் தேனீ வேண்டாம். காடு அப்படியே நிற்கிறது, தேனீ அப்படியே பறக்கிறது, அந்தத் தோட்டத்துக்கு அவற்றின் பெறுமதி பூஜ்யம். ஆகவே வரையறையில் 'யாருக்கு, எந்த மாற்றத்துக்கு' என்ற இரண்டும் கட்டாயம்.

*

இதே நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1996இல் வனச் சட்டம் போட்டு, 1997 முதல் காட்டைக் காக்கும் நிலத்துக்காரர்களுக்கு அரசு பணம் கொடுக்கிறது. எரிபொருள் வரியிலிருந்து அதற்குப் பணம் வந்தது. இந்தத் திட்டத்துக்கு 'கைம்மாறு' என்று பெயர் வைக்கலாமா? மழையே கைம்மாறு கேட்காது என்பது நமக்குப் பழைய சேதி, இப்போதாவது கொடுப்போமே.

*

கைம்மாறு கேட்க இனிமையாக இருக்கிறது அம்மா, ஆனால் தருவது காடு, வாங்குவது நிலத்துக்காரர். வெட்டாமல் விட்டதற்குத்தான் அவருக்குப் பணம், வெட்டினால் நின்றுபோகும். ஓய்வூதியம் மாதிரி 'காப்பூதியம்' என்றால் யாருக்கு, எதற்கு என்று இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன.

*

காப்பூதியம் எடுத்துக்கொண்டேன், நன்றி.

மற்றவை இப்படி முடிந்திருக்கின்றன. தலைப்பில் 'சூழல் ஈவுகளின் பெறுமதி காணல்'. முதல் அத்தியாயத்தில் ஒரே ஓர் இடத்தில் 'சேவை என்றும் வழங்கப்படும்' என்று சொல்லிவிடுகிறேன், தேடுகிறவர்களுக்குக் கிடைக்கட்டும். வகுத்தல் கணக்கு பற்றிய ஆட்சேபம் நியாயம்தான். ஆனால் 'சூழல்' என்ற அடைமொழி இருக்கும்வரை யாரும் மீதி கேட்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். 'யாருக்கு, எந்த மாற்றத்துக்கு' என்பதை வரையறையின் முதல் வரியிலேயே போட்டுவிட்டேன். ஒன்றைக் காக்க மக்கள் 'கொடுக்க முன்வரும் தொகை', அதை இழக்க 'ஏற்க இசையும் தொகை' இரண்டையும் சுருக்காமல் அப்படியே விடுகிறேன், நீளமானாலும் புரிகின்றன.

ஒன்று மட்டும் இன்னும் முள்ளாக இருக்கிறது. நேரில் ஒருபோதும் பார்க்கப்போவதில்லை என்றாலும் திமிங்கலம் கடலில் இருக்கிறது என்பதற்காகவே மனிதர்கள் மதிக்கிறார்களே, பொருளியலாளர் ஜான் குரூட்டில்லா 1967இல் எழுதிய அந்த 'எக்ஸிஸ்டென்ஸ் வேல்யூ'. 'இருப்பு மதிப்பு' என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். ஆனால் என் கையேட்டில் அடுத்த அத்தியாயமே இயற்கைக் கணக்கேடு. அங்கே இருப்பு என்றால் கையிருப்பு, ஆண்டுத் தொடக்கத்தில் எத்தனை ஹெக்டேர் காடு இருந்தது என்ற எண். 'இருத்தல் மதிப்பு' என்று மாற்றிப் பார்த்தேன், தத்துவப் புத்தகம் மாதிரி ஆகிவிட்டது. 'உளதாம் மதிப்பு' என்றால் என் பதிப்பாசிரியர் தொலைபேசியில் அழைப்பார். வேறு ஏதாவது தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று அச்சுக்குப் போகிறது.